கோபம் வராத நேரத்தில் பையன் எப்படி இருக்கிறான்?

வேளச்சேரியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு எட்டரை வயது, மூன்றாம் வகுப்பு. ஏறக்குறைய பத்து மாதமாக அவன் மனநிலை எப்போது எப்படி மாறும் என்று சொல்ல முடியவில்லை. காலையில் சாக்ஸ் இறுக்குகிறது என்று ஆரம்பித்து அழுகை, கத்தல். சாயந்தரம் செல்போனை வாங்கி வைத்தால் ரிமோட் பறக்கிறது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போல வந்து மடியில் படுத்துக்கொள்கிறான். பக்கத்துப் பையனின் நோட்டைக் கிழித்துவிட்டான் என்று சமீபத்தில் பள்ளியிலிருந்தும் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்காரர் "நீதான் செல்லம் குடுத்துக் கெடுத்துட்ட" என்கிறார். மாமியார் "இவன் அப்பனும் சின்ன வயசுல இப்படித்தான், தானா சரியாயிடும்" என்கிறார். அபார்ட்மெண்ட் தோழி ஒருவர் "பைபோலாரா இருக்கப் போகுது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போக, அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. பையனுக்கு வீசிங் உண்டு, அதற்கு தினமும் இரவு ஒரு மாத்திரை போகிறது, கொஞ்ச நாளாகக் குறட்டை விடுகிறான் என்பதைக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். கேள்விகள் மூன்று: இது நோயா, வயசா? தானாகப் போகுமா? மருந்து கொடுக்கத்தான் வேண்டுமா?

பைபோலார், அதாவது மனநிலை மிகையாக ஏறுவதும் சோர்ந்து இறங்குவதுமாக மாறிமாறி வரும் நோய், அந்தப் பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. பைபோலாரில் மனநிலை அரை மணிக்கு ஒரு தரம் மாறாது, நாள்கணக்கில் மாறும். குழந்தை தன் வழக்கமான குணத்தை விட்டு விலகி, தொடர்ந்து நான்கு நாளோ ஒரு வாரமோ அதற்கு மேலோ வேறு ஆளாக இருக்கும். மூன்று நான்கு மணி நேரம் மட்டும் தூங்கிவிட்டு மறுநாள் களைப்பே தெரியாமல் ஓடும். பேச்சு நிற்காது. தன்னால் முடியாதது எதுவுமே இல்லை என்கிற அளவுக்கு நினைப்பு ஏறிவிடும். அப்புறம் அது அடங்கி, பழைய பிள்ளை திரும்பி வரும். எட்டு வயதில் இப்படி வருவது அபூர்வம். காலையில் சாக்ஸுக்கு அழுது, பத்து மணிக்குச் சிரித்து, ஐந்து மணிக்கு ரிமோட்டை எறிவது இந்தக் கணக்கில் சேராது. ரத்த உறவில் யாருக்காவது பைபோலார் உறுதியாகி இருந்தால் மட்டும் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அதற்காக "வயசுதான்" என்று விட்டுவிடவும் சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வயதில் தரையில் புரண்டு அழுவது இயல்பு. பேச்சு வளர வளர, நான்கு ஐந்து வயதுக்குள் அது குறையத் தொடங்க வேண்டும். எட்டரை வயதில், வாரத்தில் பல நாள், பத்து மாதமாகப் பொருள் பறக்கிறது என்றால் ஏதோ ஒன்று அவனைப் படுத்துகிறது. அந்த ஏதோ ஒன்று மனநோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அதைக் கீழே சொல்கிறேன்.

என்னிடம் வருகிற பெற்றோர் பெரும்பாலும் வெடிப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். எதை எறிந்தான், என்ன வார்த்தை சொன்னான், யாரை அடித்தான். எனக்கு அதைவிட உதவுவது வேறு ஒரு தகவல். இரண்டு வெடிப்புகளுக்கு நடுவில் இருக்கும் அந்த நீண்ட நேரத்தில் பிள்ளை எப்படி இருக்கிறான்? விளையாடுகிறானா, பாட்டியோடு வம்பு பேசுகிறானா, பிடித்த பதார்த்தம் செய்தால் முகம் மலர்கிறதா? அல்லது வெடிக்காத நேரத்திலும் முகம் கடுகடுவென்று, எதைக் கேட்டாலும் "ம்ச்" என்று, எதிலும் ஒட்டாமல் இருக்கிறானா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

நடுவில் நன்றாகத்தான் இருக்கிறான், வெடிப்பு மட்டும் வருகிறது என்றால், பெரும்பாலும் வெடிப்புக்கு ஒரு நேரமும் ஒரு காரணமும் இருக்கும். பசி, தூக்கக் குறைவு, ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்கு மாறச் சொல்வது, பள்ளியில் ஏதோ ஒரு பாடவேளை. வெடித்த நேரத்தை மட்டும் ஒரு பதினைந்து நாள் காலண்டர் தாளில் குறித்து வந்தாலே தெரிந்துவிடும். இது ஒப்பீட்டளவில் எளிது.

நாள் முழுக்க, ஏறக்குறைய எல்லா நாளும் சிடுசிடுப்பு, அதன் மேல் வெடிப்பும் என்றால் யோசிக்க வேண்டியது அதிகம். மனச்சோர்வு என்றால் மூலையில் உட்கார்ந்து அழுவது என்றுதான் நாம் நினைக்கிறோம். குழந்தைகளுக்கு மனச்சோர்வு வரும்போது சோகத்துக்குப் பதில் எரிச்சல் மட்டுமே வெளியே தெரியலாம். மனநோய் வகைப்பாட்டு நூல்களே இதைத் தனியாகக் குறிப்பிடுகின்றன. பதற்றமும் அப்படித்தான். பயந்த பிள்ளை எப்போதும் பயந்த மாதிரியே இருக்காது, சண்டைக்காரப் பிள்ளை மாதிரியும் இருக்கும்.

இந்தத் தொடர் சிடுசிடுப்புக்கு ஒரு பெயர் வைத்த கதை உங்கள் தோழி சொன்ன வார்த்தையோடு சம்பந்தப்பட்டது. அமெரிக்காவில் 1990களின் நடுவிலிருந்து, கோபக்காரக் குழந்தைகளுக்கெல்லாம் பைபோலார் என்று எழுதுகிற வழக்கம் பரவியது. 1994-95க்கும் 2002-03க்கும் இடையில், வெளிநோயாளிகளாக வந்த இளம்வயதினருக்கு அந்தப் பெயர் எழுதப்பட்டது சுமார் 40 மடங்கு கூடியது. நோய் அத்தனை வேகமாகப் பெருகாது, எழுதுகிற பழக்கம்தான் பெருகியது. எல்லன் லைபன்லுஃப்ட் என்ற மனநல மருத்துவரின் குழு இந்தப் பிள்ளைகளைப் பல வருடம் பின்தொடர்ந்து பார்த்தது. விட்டு விட்டு வராமல் எப்போதும் எரிச்சலாக இருந்த பிள்ளைகளில் பைபோலார் வந்தவர்கள் மிகக் குறைவு. வளர்ந்தபின் அவர்களை அதிகம் பிடித்தது மனச்சோர்வும் பதற்றமும்தான். இதையெல்லாம் வைத்து 2013இல் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டில் டிஎம்டிடி, அதாவது மனநிலை கட்டுக்குள் நிற்காமல் வெடிக்கும் கோளாறு, என்று ஒரு புதுப் பெயர் சேர்க்கப்பட்டது. அதற்கு நிபந்தனைகள் கடுமை. வாரத்துக்கு மூன்று தடவையாவது பெரிய வெடிப்பு, நடுவிலும் நாள் முழுக்க எரிச்சல், இது குறைந்தது 12 மாதம், இடையில் தொடர்ந்து மூன்று மாத ஓய்வு கிடையாது, வீடு, பள்ளி, நண்பர்கள் என்ற மூன்றில் இரண்டு இடத்திலாவது நடக்க வேண்டும், 10 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும், 6 வயதுக்குக் கீழே இந்தப் பெயரே கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடு இதைத் தனி நோயாக வைக்கவில்லை. எதிர்த்து நிற்கும் நடத்தைக் கோளாறின் ஒரு வகையாக வைத்திருக்கிறது. நாளைக்கு இரண்டு மருத்துவர்கள் உங்கள் மகனுக்கு இரண்டு பெயர் எழுதினால் ஒருவருக்குத் தெரியவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம், இருவரும் வேறு வேறு புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கலாம்.

உங்கள் பையன் அரை மணியில் மடியில் வந்து படுத்துக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நல்ல செய்தியாகப் படுகிறது. ஆனால் நடுவேளை எப்படி என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் பெயர் எதையும் இப்போது ஒட்ட மாட்டேன்.

பெயருக்கு முன்னால் உடம்பைப் பார்க்க வேண்டும். உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது.

குறட்டை முதலில். இந்த வயதில் மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையும் டான்சிலும் வீங்கியிருந்தால் தூக்கத்தில் மூச்சு அடைபடும். பிள்ளை பத்து மணி நேரம் படுக்கையில் இருந்தாலும் உருப்படியாகத் தூங்கியிருக்காது. பெரியவர்கள் தூக்கம் போதாவிட்டால் பகலில் கண் அசருவார்கள். குழந்தைகள் பலர் அதற்கு நேர்மாறாகத் துறுதுறுவென்று, எரிச்சலாக, கவனம் நிற்காமல் இருப்பார்கள். வாயைத் திறந்து தூங்குகிறானா, நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று இழுக்கிறானா, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுக்கிறானா, காலையில் தலை வலிக்கிறது என்கிறானா என்று ஓர் இரவு பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். செல்போனில் இரண்டு நிமிடம் பதிவு செய்து காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அடைப்பைச் சரிசெய்தபின் பகல் நேரக் கோபமும் குறைந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அந்த இரவு மாத்திரை. பெயர் எழுதவில்லை, ஆனால் வீசிங்குக்கு தினமும் இரவு என்றால் மாண்டிலூகாஸ்ட் ஆக இருக்க வாய்ப்பு அதிகம். தனியாகவோ, அலர்ஜி மருந்தான லிவோசெட்ரிஸினோடு சேர்த்தோ சென்னையில் இது போகாத வீடு குறைவு. பல பிள்ளைகளுக்கு நல்ல மருந்து. ஆனால் சிலருக்கு இதனால் கெட்ட கனவு, தூக்கக் கலக்கம், எரிச்சல், முரட்டுத்தனம், மனச்சோர்வு வருவது தெரிந்த விஷயம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020 மார்ச்சில் இதற்குத் தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை, மருந்துக் குறிப்பின் தலையிலேயே கட்டம் கட்டிப் போடச் சொன்னது. மாத்திரை எந்த மாதம் தொடங்கியது, கோபம் எந்த மாதம் தொடங்கியது என்று பழைய சீட்டுகளை எடுத்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒட்டி வந்தால் எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் போய் நேராகக் கேளுங்கள். மாற்று உண்டு. நீங்களாக நிறுத்த வேண்டாம், வீசிங் கட்டுக்கடங்காமல் போனால் அது வேறு ஆபத்து. அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரையோ சிரப்போ எடுத்தாலும் மனநிலை ஆடும். வலிப்புக்குக் கொடுக்கும் லெவெடிராசெட்டம் எரிச்சலுக்குப் பேர்போனது, உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் படிக்கிற யாருக்காவது பயன்படும் என்று சொல்லி வைக்கிறேன்.

ரத்தப் பரிசோதனையில் நான் கேட்பது ஹீமோகுளோபின், பெரிட்டின், தைராய்டு, தேவைப்பட்டால் பி12. 5 முதல் 11 வயது வரை ஹீமோகுளோபின் 11.5க்குக் கீழே போனால் சோகை. அந்த அளவுக்கு இறங்காமலேயே உடம்பில் இரும்பு இருப்பு தீர்ந்துபோயிருக்கலாம், பெரிட்டின்தான் அதைக் காட்டும். இரும்புக் குறைவுள்ள பிள்ளை சிணுங்கும், சாப்பாட்டில் நாட்டம் இருக்காது, கால் குடைகிறது என்று இரவில் புரளும். முருங்கைக்கீரை, சுண்டல், முட்டை, ஈரல் என்று கொடுக்கலாம், சாப்பாட்டோடு காபி டீ வேண்டாம். எட்டு வயதுப் பிள்ளைக்குக் காபி எதற்கு என்பது தனிக் கேள்வி. தாத்தா டம்ளரிலிருந்து ஒரு வாய் என்று ஆரம்பித்து அரை டம்ளரில் போய் நிற்கிற வீடுகள் நம் ஊரில் எத்தனையோ.

தூக்கக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் வேண்டும். பள்ளி வேன் காலை ஏழு மணிக்கு முன்னாலேயே வாசலில் ஹாரன் அடிக்கிறது என்றால் ஐந்தே முக்காலுக்கு எழ வேண்டும், அப்படியானால் எட்டே முக்காலுக்கு உறங்கியிருக்க வேண்டும். அப்பா வேலை முடிந்து வருவதே ஒன்பதுக்கு, அவரைப் பார்த்துச் சாப்பிட்டுப் படுக்க பத்தரை என்பதுதான் நிறைய வீடுகளில் நடப்பு. தினமும் ஒன்றே முக்கால் மணி நேரம் கடன். சாக்ஸ் அன்றைக்கு இறுக்காமல் என்ன செய்யும்? அதே போல மதிய டிபன் பாக்ஸ் பாதி திரும்பி வருகிறதா என்றும் பாருங்கள். பன்னிரண்டு மணிக்கு நாலு வாய் சாப்பிட்டவன், வெயிலில் வேனில் வெந்து நாலு மணிக்கு வந்து இறங்கி, நேராக டியூஷனில் போய் உட்கார்ந்தால் ஐந்து மணிக்கு வெடிப்பான். வந்தவுடன் கேள்வி கேட்காமல் முதலில் சாப்பிடக் கொடுங்கள். ஒரு வாழைப்பழம், ஒரு கடலை உருண்டை, தண்ணீர். ஹோம்வொர்க் அப்புறம்.

இப்போது பள்ளிக்கு வருகிறேன். மழை விடுமுறை விட்ட நாட்களை யோசித்துப் பாருங்கள். நவம்பர், டிசம்பரில் காலையில் டிவியில் "சென்னை மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை" என்று வந்ததும் அவன் எப்படி இருந்தான்? எல்லாப் பிள்ளையும் குதிக்கும், அது கணக்கில்லை. அன்று முழுக்க வெடிப்பே இல்லாமல் போனதா? மே மாதத்தில் மொத்தமாகக் குறைந்து ஜூனில் திரும்பவும் ஆரம்பித்ததா? அப்படியானால் காரணம் பள்ளியிலோ, வேனிலோ, டியூஷனிலோ இருக்கிறது. மூன்றாம் வகுப்பில் பாடம் நீள ஆரம்பிக்கும். எழுத்துக்கூட்டிச் சமாளித்து வந்த பிள்ளை இப்போது பத்தியாக வாசிக்க வேண்டும், கரும்பலகையைப் பார்த்து வேகமாக எழுத வேண்டும். வாசிப்புக் குறைபாடு இருக்கிற பிள்ளைகள் பலர் இந்த வகுப்பில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "முட்டாள்" என்று பேர் வாங்குவதைவிட "முரடன்" என்று பேர் வாங்குவது ஒரு பையனுக்குக் கொஞ்சம் கௌரவமாகக்கூடத் தெரியும். அந்த நோட்டைக் கிழித்தது எந்தப் பாடவேளையில் என்று ஆசிரியையிடம் கேளுங்கள். அதட்டிக் கேட்டால் பள்ளியும் விறைத்துக்கொள்ளும், "உங்க கண்ணுல பட்டதைச் சொல்லுங்க மிஸ்" என்று கேட்டால் நிறையச் சொல்வார்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லி நீங்களே கேட்டுப் பாருங்கள். தடுமாற்றம் தெரிந்தால் சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்காகவே இருக்கிறது.

கவனக்குறைவுக் கோளாறு, அதாவது ஏடிஹெச்டி இருக்கிற பிள்ளைகளுக்கும் உணர்ச்சியை நிறுத்திப் பிடிக்கிற பிரேக் தாமதமாகத்தான் வேலை செய்யும். சாக்ஸ் தையல் உறுத்துவது, மிக்ஸி சத்தம் தாங்காதது, சட்டை லேபிளை வெட்டச் சொல்வது இவையெல்லாம் சின்ன வயதிலிருந்தே இருந்தால், ஆட்டிச வரிசையில் லேசான சாயல் உண்டா என்றும் பார்ப்பார்கள். வெறும் தொடு உணர்வுக் கூர்மையாகவும் இருக்கலாம். அதுவரை சாக்ஸை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுவிடுங்கள், காலையில் ஒரு சண்டை மிச்சம்.

கேட்கச் சங்கடமான ஒன்றும் உண்டு. முன்பு நன்றாக இருந்த பிள்ளை, திடீரென்று ஒரு மாதத்திலிருந்து மாறி, குறிப்பிட்ட ஒருவரைப் பார்த்தால், ஒரு இடத்துக்குப் போகச் சொன்னால் கொந்தளிக்கிறது என்றால், யாராவது அடிக்கிறார்களா, மிரட்டுகிறார்களா, தொடக் கூடாத இடத்தில் தொடுகிறார்களா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆண் பிள்ளைதானே என்று விடாதீர்கள். கேட்கும்போது முகத்தில் பதற்றம் காட்டாமல், வண்டியில் போகும்போதோ துணி மடிக்கும்போதோ சாதாரணமாகக் கேளுங்கள். ஏதாவது சொன்னால் முதல் வார்த்தை "நீ சொன்னது நல்லது" என்று இருக்கட்டும். 1098 குழந்தைகள் உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. நியூயார்க்கில் 1956இல் தொடங்கி ஸ்டெல்லா செஸ், அலெக்சாண்டர் தாமஸ் என்ற மருத்துவத் தம்பதி குழந்தைகளைப் பிறந்த சில மாதத்திலிருந்தே பல வருடம் கவனித்தார்கள். பத்தில் ஒரு பிள்ளை இயல்பிலேயே கடினமான சுபாவம்: புதிதாக எதையும் ஏற்காது, அழுதாலும் சிரித்தாலும் சத்தமாக, தூக்கமும் பசியும் நேரத்துக்கு வராது. இது வளர்ப்புக் குற்றம் இல்லை, செல்லத்தால் வந்ததும் இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். பின்னாளில் சிக்கலில் மாட்டுவார்களா இல்லையா என்பது அந்தச் சுபாவமும் வீட்டின் எதிர்பார்ப்பும் எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பதைப் பொறுத்தது என்று அவர்கள் எழுதினார்கள். ஆக, அப்பாவைப் போல இருக்கலாம். ஆனால் அப்பா வளர்ந்த காலத்தில் பள்ளி முடிந்ததும் இருட்டும் வரை தெருவில் கிரிக்கெட் ஆடியிருப்பார். இவனுக்கு ஆறாவது மாடி, அபாகஸ், இந்தி வகுப்பு. அதே சுபாவம், வடிகால் குறைவு. "தானா சரியாயிடும்" என்பதை இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

திருஷ்டி கழிப்பது, தர்காவில் மந்திரித்துத் தாயத்துக் கட்டுவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லத்தான் போகிறார்கள். பாட்டி உப்பு மிளகாய் சுற்றிப் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பிள்ளைக்கு அது ஒரு அரவணைப்பு. சூடு வைப்பது, பட்டினி போடுவது, "பேய் பிடிச்சிருக்கு" என்று அவன் காதுபடச் சொல்வது, இவை எதற்கும் இடம் கொடுக்காதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வரும். ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் ஒரிகானில் குடும்பங்களை அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்து கவனித்து ஒரு சுழலைக் கண்டுபிடித்தார். உங்கள் வீட்டில் அது இப்படி ஓடும். போனை வை என்கிறீர்கள். அவன் முடியாது என்கிறான். குரலை உயர்த்துகிறீர்கள். அவன் கத்துகிறான். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று "சரி, பத்து நிமிஷம்தான்" என்று விட்டுக்கொடுக்கிறீர்கள். கத்தல் நின்றுவிட்டது, உங்களுக்கும் நிம்மதி. கத்தினால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொண்டான், விட்டுக்கொடுத்தால் அமைதி கிடைக்கும் என்று நீங்கள் கற்றுக்கொண்டீர்கள். இன்னொரு நாள் நீங்கள் ஒரு அடி வைத்து அடக்குகிறீர்கள், அன்றைக்குப் பெரிய கோபம் சின்னக் கோபத்தை ஜெயிக்கும் என்பது அவன் பாடம். ஒரு தடவைக்கு ஒரு தடவை இருவருமே ஏறிக்கொண்டு போவீர்கள். கடினமான சுபாவம் உள்ள பிள்ளைகளிடம் இது இன்னும் வேகமாக ஏறும்.

இதை வெட்டுகிற இடம் சண்டைக்கு முன்னால்தான் இருக்கிறது. போனைக் கொடுக்கும்போதே எப்போது முடியும் என்று சொல்லி, ஐந்து நிமிடம் முன்னால் தோளைத் தொட்டு ஞாபகப்படுத்தி, முடிந்ததும் அடுத்து என்ன என்பதையும் தயாராக வைத்திருங்கள். கத்தினால் கூடுதல் நிமிடம் கிடையாது. கத்தாமல் கொடுத்த நாளில் "டக்குனு குடுத்துட்டியே" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதற்கு மேல் பரிசு வேண்டாம். வெடித்துவிட்டால் உபதேசம் வேண்டவே வேண்டாம், அந்த நேரத்தில் எதுவும் உள்ளே இறங்காது. உடையும் பொருளை நகர்த்துங்கள், தங்கை இருந்தால் அடுத்த அறைக்கு அனுப்புங்கள், குறைவாகப் பேசி அருகில் இருங்கள். பேச வேண்டியதை ராத்திரி படுக்கையில் பேசலாம். முதல் இரண்டு வாரம் வெடிப்பு கூடும், பழைய வழி ஏன் வேலை செய்யவில்லை என்று அவன் சோதித்துப் பார்ப்பான். இந்த இரண்டு வாரத்தில்தான் பெரும்பாலான வீடுகள் கைவிடுகின்றன. வீட்டில் பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரே விதி என்று முதலிலேயே பேசி வையுங்கள். அம்மா மறுத்ததைப் பாட்டி சமையலறைக்குள் கூப்பிட்டு ரகசியமாகக் கொடுத்தால் எந்த வழிமுறையும் நிற்காது.

உங்களைப் பற்றியும் ஒரு வரி. அன்றிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது சில வாரங்களாகத் தொடர்ந்தால் உங்களையும் ஒரு மருத்துவர் பார்க்கட்டும். அம்மாவின் மனச்சோர்வுக்குச் சிகிச்சை நடந்து அது குறைந்தபின் பிள்ளையின் கோளாறுகளும் குறைவது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம்.

யாரிடம் போவது? முதலில் உங்கள் குழந்தை மருத்துவர், மேலே சொன்ன உடம்பு விஷயங்களுக்கு. அதன்பின் குழந்தைகள் மனநல மருத்துவர். செலவு தடையாக இருந்தால் எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகமும் இருக்கிறது. இரண்டாவது பெயரைக் கேட்டதும் சொந்தக்காரர்கள் முகம் மாறும். 1794இல் தொடங்கிய இடம், இரண்டு நூற்றாண்டுக் கேலிப்பேச்சும் சேர்ந்துவிட்டது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு காலையில் போய் மதியம் திரும்புகிறவர்கள் தினமும் இருக்கிறார்கள். தனியாரிடம் ஆலோசனைக்குப் போவதென்றால், மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பது உங்கள் உரிமை. வார இறுதிப் பயிற்சி முடித்து போர்டு மாட்டிக்கொண்டவர்களும் ஊரில் உண்டு.

மருந்து பற்றி. தொடர் சிடுசிடுப்புக்கென்றே அங்கீகரிக்கப்பட்ட தனி மருந்து கிடையாது. கூட இருப்பது எதுவோ அதற்குத்தான் மருந்து. ஏடிஹெச்டி உறுதியானால் மெத்தில்பெனிடேட், அதிலேயே கோபமும் இறங்குவது உண்டு. மனச்சோர்வோ பதற்றமோ மிதமாக இருந்தால் முதலில் பேச்சுவழிச் சிகிச்சை, கடுமையானால் ஃபுளுவாக்செட்டின் போன்றவை, ஆரம்ப வாரங்களில் நெருக்கமான கண்காணிப்போடு. ரிஸ்பெரிடோன் ஆட்டிசப் பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கு அங்கீகாரம் பெற்றது. மற்றவர்களுக்கும் சில நேரம் எழுதுவார்கள், ஆனால் எடை ஏறும், சர்க்கரை பார்க்க வேண்டும், முதல் சந்திப்பிலேயே அதை எழுதினால் ஏன் என்று கேளுங்கள். கடையில் சொல்லி வாங்குகிற தூக்க சிரப் வேண்டாம். எட்டரை வயதில் பெரும்பாலானவர்களுக்கு உடம்பைச் சரிசெய்வதும், பெற்றோர் பயிற்சியும், பள்ளியில் மாற்றமுமே முதல் சுற்று. மருந்து தொடங்கினாலும் ஆயுள் முழுக்க என்று அர்த்தம் இல்லை.

"நான் செத்துப் போறேன்", "நான் இல்லாம இருந்தா நல்லது" என்று அவன் சொன்னால் மட்டும் எதற்கும் காத்திருக்காதீர்கள். சும்மா சொல்கிறான் என்று விடக் கூடாது. அப்படித் தோன்றுகிறதா, எப்படிச் செய்ய நினைத்தாய் என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் புதிதாக எண்ணம் முளைக்காது. மாத்திரை, கத்தி, பால்கனிக் கதவு இவற்றைப் பாதுகாத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். தமிழக அரசின் 104ம் உண்டு.

மருத்துவரிடம் போகும் நாளில் காலண்டர் குறிப்பு, மாத்திரைச் சீட்டுகள், மூன்று வருட ரிப்போர்ட் கார்டு, ஒரு பழைய நோட்டு, குறட்டைப் பதிவு இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் எதிரில் அவன் குற்றப்பட்டியலை வாசிக்க வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்காரரும் கூட வரட்டும், ஒரே பிள்ளையை இருவர் சொல்லும் விதத்திலேயே மருத்துவருக்குப் பாதி புரிந்துவிடும். எங்கே போகிறோம் என்று அவன் கேட்டால், "உனக்கு அடிக்கடி கோபம் வந்து கஷ்டமா இருக்குல்ல, அதைக் குறைக்க வழி சொல்ற டாக்டர்" என்று சொன்னால் போதும். ஊசியே போட மாட்டார்கள் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், ரத்தப் பரிசோதனைக்கு அன்றைக்கே எழுதிக் கொடுத்தாலும் கொடுப்பார்கள்.